பேக்கின் விலை அப்படியே, உள்ளே இருந்த வைரம் குறைந்தது: ஒரு பண்ணை விளையாட்டில் நான் பட்ட பாடு

கைப்பேசியில் வயல் உழுது, ஊர் கட்டி, விளைந்ததை ஆர்டருக்கு அனுப்பும் வகை விளையாட்டு ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிவருகிறேன். சென்ற கார்த்திகையில் அந்த விளையாட்டுக்குள் இருக்கும் கடையில் விலைகள் ஏறின. அவை ஏறிய விதத்தையும், அதைக் கண்டுபிடிக்க நான் போட்ட கணக்கையும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு அலைந்த அலைச்சலையும் வரிசையாக எழுதிவைக்க நினைக்கிறேன். அந்த நாள்களில் யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் தனியாகத்தான் தடுமாறினேன். விளையாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பண்ணையோ நகரமோ உணவகமோ, இந்த வகையில் எதை ஆடினாலும் கடையின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், பெயர் தெரியாததால் படிப்பவருக்குக் குறை ஒன்றும் இல்லை.

எனக்கு வீடு நீடாமங்கலம். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரக்கு ரயிலுக்கு எஞ்சின் மாற்றத் தொடங்கினால் இரண்டு பக்கமும் பேருந்துகள் வரிசைகட்டி நிற்கும். அப்படி நின்ற பேருந்து ஒன்றில் பக்கத்து இருக்கைப் பெண் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் இந்த விளையாட்டை இறக்கிக்கொண்டேன். நாள் முழுவதும் நெல் வரத்தும் அரிசி வெளியேற்றமும் தவிட்டுக் கணக்குமாக இருக்கும் எனக்கு, அதில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. மேட்டூர் திறக்கவில்லை என்ற கவலையும், அறுவடைக்கு முதல்நாள் மழை என்ற பயமும் அங்கே இல்லை. கோதுமை இரண்டு நிமிடத்தில் விளையும். நெல் மட்டும் கிடையாது, அது எனக்கு இன்னும் ஒரு குறைதான்.

விளையாட்டில் இரண்டு வகைப் பணம் உண்டு. விளைச்சலை விற்றால் நாணயம் சேரும். வைரம் எப்போதாவது பரிசாக ஒன்றிரண்டு கிடைக்கும், மற்றபடி ரூபாய் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நிலத்தை விரிவாக்கவும், களஞ்சியத்தைப் பெரிதாக்கவும், பயிர் விளையும் நேரத்தைத் தாண்டிச்செல்லவும் வைரம் தேவை. 89 ரூபாய்க்கு ஒரு சின்ன பேக், 899 ரூபாய்க்கு 1,000 வைரம் கொண்ட பெரிய பேக் என்று கடையில் அடுக்கிவைத்திருப்பார்கள். நான் மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த பிறகு, எனக்கென்று ஒதுக்கிய தொகையிலிருந்து வாங்குவேன். சினிமாவுக்கும் புடவைக்கும் செலவழிப்பது போல இதுவும் என் விருப்பச் செலவு; இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது இன்றும் என் எண்ணம். ஆட்டத்தில் செலவழிப்பவர்களை எல்லாம் ஏமாளிகளாகப் பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிப் பேசுபவர்கள் விற்பவரின் நடத்தையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

தீபாவளியை ஒட்டிக் கடையில் ஓர் ஆஃபர் வந்தது. பெரிய பேக் மூன்று வாங்கினால் காற்றாலை ஒன்று அலங்காரமாக இலவசம். அப்போது ஒரு நிலத்துண்டைத் திறக்க 240 வைரம். என் ஊரின் ஆற்றங்கரைப் பக்கத்தில் திறக்காமல் கிடந்த பன்னிரண்டு துண்டுகளையும் ஒன்றாகத் திறந்து, அங்கே ஒரு சந்தை அமைக்க வேண்டும் என்று வெகுநாளாகத் திட்டம் வைத்திருந்தேன். பன்னிரண்டுக்கு 2,880 வைரம் ஆகும். மூன்று பேக்கில் 3,000 கிடைக்கும். தீபாவளி போனஸிலிருந்து 2,697 ரூபாய் கொடுத்து மூன்றையும் வாங்கினேன். நிலத்தைத் திறக்க வைரத்தோடு சில மரச்சாமான்களும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. அவற்றை ஆர்டர் முடித்துத்தான் சேர்க்க முடியும் என்பதால் வைரத்தைச் செலவழிக்காமல் வைத்துக்கொண்டு சாமான் சேர்த்துவந்தேன்.

கார்த்திகையில் ஒரு காலை, விளையாட்டைத் திறந்தவுடன் அப்டேட் கேட்டது. புதிய விலங்கு வந்திருக்கிறது, படங்களின் தரம் கூடியிருக்கிறது, சில சிறு கோளாறுகள் சரிசெய்யப்பட்டிருக்கின்றன என்று அதன் குறிப்பில் இருந்தது. விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்று மாலை கடைசி மரச்சாமான் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் முதல் நிலத்துண்டைத் தொட்டேன். 360 என்று காட்டியது. கை தவறி வேறு இடத்தைத் தொட்டுவிட்டேனோ என்று மூடித் திறந்து பார்த்தேன். எல்லாத் துண்டிலும் 360. கடைக்குள் போய்ப் பார்த்தால் பெரிய பேக் அதே 899 ரூபாய்தான், ஆனால் உள்ளே 850 வைரம். பேக்கின் படம்கூட மாறவில்லை, அதே மரப்பெட்டி, அதே அளவு வைரக் குவியல். எண்ணை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

அன்று இரவு உட்கார்ந்து, ஆலைக் கணக்கைப் போடுவது போலவே ஒரு தாளில் எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றி எழுதினேன். முன்பு ஒரு வைரம் 90 பைசா. இப்போது ஒரு ரூபாய் 6 பைசா. நிலத்துண்டு முன்பு 216 ரூபாய். இப்போது 381 ரூபாய். வைரக் கணக்கில் பார்த்தால் பாதிப் பங்குதான் ஏறியது போலத் தெரியும், ரூபாய்க் கணக்கில் அது முக்கால் பங்குக்கும் மேல் ஏற்றம். களஞ்சியத்தை ஒரு படி பெரிதாக்க 90 வைரமாக இருந்தது 150 ஆகியிருந்தது. 81 ரூபாய் 159 ரூபாயாகிவிட்டது. இவற்றையாவது கண்ணால் பார்க்கலாம். மூன்றாவது வழிதான் மிகவும் நுட்பமானது. கரும்பு விளைய முன்பு 4 மணி நேரம் ஆகும், அதை 6 மணி நேரமாக்கியிருந்தார்கள். காத்திருக்க முடியாதவர் வைரம் கொடுத்து நேரத்தைத் தாண்டலாம். முன்பு 10 நிமிடத்துக்கு ஒரு வைரம், இப்போது 6 நிமிடத்துக்கு ஒன்று. ஆக ஒரு கரும்பு வயலை உடனே அறுக்க முன்பு 24 வைரம் போதும், இப்போது 60 வேண்டும். ரூபாயில் 22-க்கும் குறைவாக இருந்தது 63-ஐத் தாண்டிவிட்டது. பேக்கின் ரூபாய் விலையில் ஒரு காசு கூட்டாமலே, ஏறக்குறைய மூன்று மடங்கு.

இதில் படிப்பவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்த விளையாட்டுகளில் விலை நான்கு இடங்களில் இருக்கிறது: பேக்கின் ரூபாய், பேக்கில் உள்ள வைரத்தின் எண்ணிக்கை, பொருளின் வைர விலை, காத்திருக்கும் நேரம். பெரும்பாலும் முதல் இடத்தைத் தொடமாட்டார்கள், அதுதான் நம் கண்ணில் படும், வங்கிச் செய்தியிலும் வரும். மற்ற மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கை வைத்தால் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு ஏறும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் அந்தப் பொருள் எத்தனை ரூபாய் என்று மாற்றிப் பார்க்க வேண்டும். வழக்கமாக வாங்கும் பேக்கின் ரூபாயை அதிலுள்ள வைரத்தால் வகுத்து, பொருளின் வைர விலையால் பெருக்கினால் போதும். அந்த ஓர் எண்ணை ஒரு தாளிலோ கைப்பேசியின் குறிப்பிலோ எழுதிவைத்திருப்பவருக்கு, அடுத்த அப்டேட் வந்த அன்றே என்ன நடந்தது என்று தெரிந்துவிடும்.

மிச்ச வைரம் என்று இன்னொரு கணக்கு இருக்கிறது, இது எனக்கு அந்தத் தாளில் எழுதும்போதுதான் புலப்பட்டது. முன்பு 1,000 வைரம் வாங்கினால் நான்கு நிலத்துண்டு திறந்து 40 மிச்சம் இருக்கும். இப்போது 850 வாங்கினால் இரண்டு துண்டு போக 130 மிச்சம். அந்த 130-ஐ வைத்துக் களஞ்சியத்தைப் பெரிதாக்கலாம் என்றால் அதற்கு 150 வேண்டும். இருபது வைரம் குறைகிறது. அந்த இருபதுக்காக ஒரு சின்ன பேக் வாங்கினால் அதிலும் ஐம்பது மிஞ்சும். எந்தப் பேக்கை வாங்கினாலும் எந்தப் பொருளுக்கும் சரியாகப் பொருந்தாதபடி எண்களை அமைத்திருக்கிறார்கள். தற்செயலாக இப்படி அமையாது என்று கணக்கு எழுதிப் பழகிய எனக்கு உறுதியாகத் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்புகள் 2025 மார்ச்சில், விளையாட்டுகளில் விற்கப்படும் இத்தகைய மெய்நிகர் பணம் பற்றிச் சில கொள்கைகளை வெளியிட்டன. பொருளின் விலையை உண்மையான பணத்திலும் காட்ட வேண்டும், வேண்டாத அளவு மெய்நிகர் பணத்தை வாங்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பவை அவற்றில் அடக்கம். அதைப் படித்தபோது, என் தாளில் இருந்த குறையை எங்கோ ஒருவர் முன்பே எழுதிவைத்திருக்கிறார் என்று சற்று ஆறுதலாக இருந்தது.

என் சொந்த இழப்பு இதுதான். கையில் இருந்த 3,000 வைரத்துக்குப் பன்னிரண்டு நிலத்துண்டு வரும் என்று நம்பி வாங்கியிருந்தேன், இப்போது எட்டுதான் வரும். மீதி நான்கையும் திறக்க வேண்டுமானால் 1,320 வைரம் குறைகிறது. 850 பேக் இரண்டு, அதாவது 1,798 ரூபாய், மேலும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்த பணத்தின் மதிப்பையே குறைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கு வாங்கப்போகிற பேக்கின் விலையை ஏற்றுவது விற்பவரின் உரிமை, வேண்டாம் என்றால் நான் வாங்காமல் இருந்துவிடலாம். விற்று முடித்து, பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு, அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பதை மாற்றுவது வேறு. அந்தக் கோபத்தில் இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. ஒரு விளையாட்டுக்காக இப்படியா என்று வெளியே சொல்லவும் கூச்சமாக இருந்தது.

வீட்டில் அதைச் சொன்னது தற்செயலாகத்தான். மாமனார் இன்னமும் சம்பா பயிரிடுகிறவர். திண்ணையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஏம்மா, நீ பணம் கட்டுனப்ப ஒரு நெலம் இவ்வளவுன்னு எங்கயாச்சும் எழுதிக் குடுத்தானா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப அவன்கிட்ட இருக்கறது ஒன் பணம், ஒன்கிட்ட இருக்கறது அவன் வாய்ச்சொல்லு” என்றார். 2025-26 பருவத்துக்குச் சன்ன ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். நாற்பது கிலோ மூட்டைக்கு 1,018 ரூபாய். போதுமா என்று கேட்டால் போதாது என்றுதான் அவர் சொல்வார், ஆனால் அந்த விலை அறுவடைக்கு வெகு முன்னரே அறிவிக்கப்பட்டு, கொள்முதல் நிலையத்தில் பலகையிலும் எழுதியிருக்கும். மூட்டை எடைபோட்ட பிறகு அதை மாற்றினால் ஊரே சாலை மறியலுக்கு வந்துவிடும். என் 899 ரூபாய்க்கு அப்படி ஒரு பலகை இல்லை. அவர் சொன்னதிலிருந்துதான் பதிவு வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது. வைரம் வாங்கும் முன், கடைப் பக்கத்தையும், நான் வாங்க நினைத்திருக்கும் பொருளின் விலை தெரியும் பக்கத்தையும், தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துவிடுகிறேன்.

விளையாட்டின் உதவிப் பகுதிக்கு எழுதினேன். ஆங்கிலத்தில் நான்கு பத்தி, தேதி, தொகை, முன்பிருந்த விலை, இப்போதைய விலை எல்லாம் குறிப்பிட்டேன். வந்த பதிலில் என் பெயரைத் தவிர எனக்கென்று எழுதியது எதுவும் இல்லை. விளையாட்டின் சமநிலைக்காக அவ்வப்போது மாற்றங்கள் செய்கிறோம், உங்கள் கருத்தைக் குழுவிடம் சேர்ப்பித்துவிட்டோம், பொறுமைக்கு நன்றியாக 50 வைரம் அனுப்பியிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு பதில். அவர்கள் புதிய விலைப்படியே 53 ரூபாய். நிலத்துண்டு திறக்க 360 வேண்டும். அந்த ஐம்பதைப் பெற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தாமல் வெகுநாள் வைத்திருந்தேன். அழுத்தினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற தயக்கம். மறுபடி எழுதியபோது, மெய்நிகர் பொருள்களுக்கு நமக்கு உரிமை கிடையாது, பயன்படுத்த அனுமதி மட்டுமே தரப்படுகிறது, அதன் தன்மையை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற விதியைக் காட்டினார்கள். அந்த விதி உண்மையிலேயே விதிமுறைப் பக்கத்தில் இருக்கிறது. இந்த வகை விளையாட்டுகளில் பெரும்பாலும் இருக்கும்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியைப் பொறுத்தவரை காலம்தான் எல்லாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால், வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கூகுளிடமே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்வார்கள். அதற்குப் பிறகு என்றால் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தைத்தான் அணுகச் சொல்வார்கள். நான் வாங்கியதற்கும் விலை ஏறியதற்கும் இடையில் வாரங்கள் கடந்துவிட்டதால் அந்த வாசல் எனக்குத் திறக்கவில்லை. ஆகவே வைரத்தைச் சேமித்துவைப்பதில் பயன் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. அதற்கு வட்டி கிடையாது, விலை ஏறினால் பாதுகாப்பும் கிடையாது. பொருளை வாங்கத் தேவையானவை எல்லாம் கையில் வந்த பிறகு, தேவையான வைரத்தை வாங்கி, அன்றே செலவழித்துவிடுவதுதான் நல்லது. மூன்று வாங்கினால் இலவசம் என்ற ஆஃபர் அப்டேட்டுக்குச் சற்று முன்பு வந்தால், அது எதற்காக வருகிறது என்று ஒருகணம் யோசிக்கலாம். என் விஷயத்தில் இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்பதை என்னால் நிறுவ முடியாது, சந்தேகம் மட்டும் போகவில்லை.

ஆலையில் உடன் வேலை செய்கிற ஒருவர், “ஆன்லைன் கேமைத்தான் தடை பண்ணிட்டாங்களே மேடம், போலீஸ்ல புகார் குடுங்க” என்றார். பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்வது, பணம் கட்டிப் பணம் வெல்வதை எதிர்பார்த்து ஆடும் விளையாட்டுகளை. ரம்மி போன்ற ஆட்டங்களைப் பற்றித் தமிழ்நாட்டில் அதற்கு முன்பே தனிச் சட்டம் உண்டு. பண்ணை விளையாட்டில் நாம் கட்டும் பணம் ஒருநாளும் பணமாகத் திரும்பி வராது, அதை எதிர்பார்த்து நாம் கட்டுவதும் இல்லை. ஆகவே அந்தச் சட்டங்கள் என் குறையைத் தீர்க்காது. எனக்குப் பொருந்துவது நுகர்வோர் சட்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று, இணையவழி விற்பனையில் மக்களை மறைமுகமாக வளைக்கும் தந்திரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதின்மூன்று வகைத் தந்திரங்களை அது பட்டியலிடுகிறது. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது அவற்றுள் ஒன்று. ‘இன்னும் 2 மணி நேரம் மட்டுமே’ என்று ஓடும் டைமர் முடிந்து, மறுநாள் அதே பேக் அதே விலையில் புதிய டைமரோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன், அதையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். என் புகாரைப் பொறுமையாகக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்கள். நிறுவனம் வெளிநாட்டைச் சேர்ந்தது, உதவி மின்னஞ்சலைத் தவிர எனக்குக் கிடைத்த முகவரி வேறில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது அடுத்த படி. ஐந்து லட்ச ரூபாய்க்கு உட்பட்ட தொகைக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். சுமார் எண்ணூற்று அறுபது ரூபாய் மதிப்புள்ள நான்கு நிலத்துண்டுகளுக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு திருவாரூருக்கு நடக்க எனக்கு மனம் வரவில்லை. பெரிய தொகை இழந்தவர்கள் அந்த வழியை விட்டுவிட வேண்டாம். எந்தப் புகாரானாலும் ஆர்டர் எண் வேண்டும். கூகுள் பிளேயில் வாங்கியவர்களுக்கு வரும் மின்னஞ்சல் ரசீதில் ‘ஜிபிஏ’ என்ற எழுத்துகளில் தொடங்கும் எண்தான் அது. அந்த மின்னஞ்சல்களை நான் முன்பெல்லாம் திறக்காமலே அழித்துவிடுவேன், இப்போது தனியாக ஒரு கோப்பில் சேர்த்துவைக்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை அசைத்துப்பார்த்தது அண்ணன் மகள் சொன்ன ஒன்று. மன்னார்குடியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள், இதே விளையாட்டை ஆடுகிறாள், ஒரு ரூபாயும் கட்டியதில்லை. கார்த்திகை தீபத்துக்கு வீட்டுக்கு வந்தவள் என் புலம்பலைக் கேட்டுவிட்டுத் தன் கைப்பேசியை நீட்டினாள். “அத்தை, எனக்கு 320தான் காட்டுது, ஒங்களுக்கு மட்டும் ஏன் 360?” அதே நிலத்துண்டு, அதே படம். கடையைத் திறந்து காட்டச் சொன்னேன். எனக்கு 899 ரூபாய்க்கு விற்கும் 850 வைரப் பேக், முதன்முறை வாங்குபவருக்கென்று அவளுக்கு 449 ரூபாய். இரண்டு கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். எண்களைத் தவிர எல்லாம் ஒன்றாக இருந்தன. ஆட்களைப் பிரித்துக்கொண்டு வெவ்வேறு விலை காட்டிச் சோதிப்பதும், யார் எவ்வளவு கட்டுவார் என்று பார்த்து ஆஃபர் அனுப்புவதும் இந்தத் தொழிலில் வழக்கமாம். இரண்டு ஆண்டாகப் பணம் கட்டிவருபவருக்கு அதிக விலை, ஒன்றும் கட்டாதவருக்குக் குறைந்த விலை என்பது எனக்கு அவமானமாகவே பட்டது. ஒரு பேக்கை வாங்கும் முன், ஆடும் இன்னொருவரின் கடையில் என்ன விலை என்று கேட்டுப்பார்ப்பது நல்லது. குறைந்த விலையை நமக்கு மாற்றித்தர மாட்டார்கள்தான், ஆனால் ‘சிறப்புச் சலுகை’ என்று நமக்கு வந்தது உண்மையில் சலுகையா என்பது தெரியும்.

அந்தப் பேச்சோடு அவள் கைப்பேசியையும் பார்த்துவைத்தேன். யுபிஐ என்றால் பெரும்பாலும் பின் எண் கேட்கும். பிளே கணக்கில் ரீசார்ஜ் செய்து இருப்பு வைத்திருந்தால் அந்தத் தடை கிடையாது. பிளே ஸ்டோரின் அமைப்புப் பகுதியில், வாங்கும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கும்படி மாற்றிவைத்தால் கடவுச்சொல்லோ கைரேகையோ இல்லாமல் எதுவும் வாங்க முடியாது. அதே ஸ்டோரில் பணம் செலுத்துதல் பகுதிக்குப் போனால் மாத வரம்பு ஒன்று வைக்கலாம். அது வாங்குவதைத் தடுக்காது, வரம்பை நெருங்கும்போது எச்சரிக்கும். அங்கேயே இதுவரை வாங்கியவற்றின் பட்டியலும் இருக்கும். என் பட்டியலைக் கூட்டிப்பார்த்தேன், பதினான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த எண் என்னைத் திடுக்கிடச் செய்யவில்லை, மாதத்துக்குப் பிரித்தால் நான் ஒதுக்கியதுதான். அதில் ஒரு பகுதி இப்போது என்ன மதிப்பில் இருக்கிறது என்பதுதான் எரிச்சல்.

சந்தாவின் கதை சற்று வேறு. மாதம் 199 ரூபாய்க்கு ஒரு பாஸ் வைத்திருந்தேன், யுபிஐ ஆட்டோபே வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தானாகப் பிடித்தம் செய்யும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தத் தகவல் தவறாமல் வந்தது. 199 ரூபாய்க்கு இத்தனை முன்னறிவிப்பு இருக்க, 2,697 ரூபாயின் மதிப்பு ஓர் இரவில் மாறியதற்கு ஒரு வரி அறிவிப்பும் தேவைப்படவில்லை என்பது விசித்திரம். பாஸை நிறுத்திவிட்டேன். நிறுத்த நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் ரத்து செய்ய வேண்டும், யுபிஐ செயலியின் ஆட்டோபே பட்டியலிலும் அந்த அனுமதி போய்விட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

விளையாட்டுக்குள் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பட்டுக்கோட்டை, காரைக்கால், கும்பகோணம், சிங்கப்பூரிலிருந்து இரண்டு பேர் என்று தமிழர்களே அதிகம். என் தாளைப் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாதிப் பேருக்கு விலை ஏறியதே தெரியவில்லை. காத்திருக்கும் நேரம் கூடியதை யாருமே கவனித்திருக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் ஆடாமல் போவதுதானே என்று ஒருவர் கேட்டார். இரண்டு ஆண்டுகளாகக் கட்டிய ஊர், கொடுத்த பணம், பழகிய மனிதர்கள் எல்லாம் அங்கே இருக்கும்போது அந்தக் கேள்வி அத்தனை எளிதல்ல, அந்தப் பிடிப்பைத் தெரிந்துதான் விலையும் ஏற்றுகிறார்கள். மார்கழி முழுவதும் யாரும் ஒன்றும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தோம், அநேகமாக எல்லாரும் அதன்படியே இருந்தார்கள். ஒரு சிறு சங்கத்தின் முப்பது பேர் வாங்காததால் அந்த நிறுவனத்துக்கு என்ன நட்டம் வந்திருக்கும் என்று தெரியாது. தை பிறந்ததும் கரும்பு விளையும் நேரம் 5 மணி நேரமாகக் குறைந்தது, நிலத்தின் விலை அப்படியே நின்றது.

நான் எட்டு நிலத்துண்டுகளைத் திறந்துவிட்டேன். சந்தை அமைக்கப் பன்னிரண்டும் வேண்டும் என்பதால் அந்த இடத்தில் இப்போது கரும்பு போட்டிருக்கிறேன். மீதி 120 வைரமும், கடைசியில் பெற்றுக்கொண்ட அந்த ஐம்பதுமாக 170 இருந்தது, அதில் 150-ஐக் கொடுத்துக் களஞ்சியத்தைப் பெரிதாக்கினேன். அதன்பின் ரூபாய் கொடுத்து எதுவும் வாங்கவில்லை. அடுத்த அப்டேட் பங்குனியில் வரும் என்று சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். வருவதற்கு முன் ஒவ்வொருவரும் தத்தம் கடைப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு. காரைக்கால்காரர் அதற்கென்று ஒரு பட்டியல் தயார் செய்திருக்கிறார். நிலம், களஞ்சியம், கரும்பு, கோதுமை என்று பக்கவாட்டில் பொருளும், மேலே எங்கள் பெயரும், நடுவே வைர விலையும் அதன் ரூபாய்க் கணக்கும்.